ஈர எடை

டோக்கன் நூற்றுப் பதினேழு.
சின்ன ஏர்வாடியிலிருந்து ராமநாதபுரம் வரை
வேகத்தடை எத்தனை என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன் இப்போது.
பதினொன்று.
கடைசி ஒன்று புதிது.

பெஞ்சில் உட்கார முடியாது.
நின்றால்
இடுப்பிலிருந்து வலது சுண்டுவிரல் வரை
யாரோ தங்கூசியைக் கோத்துச் சுண்டிச் சுண்டி இழுக்கிறார்கள்.
தூணில் சாய்ந்துகொண்டு
ஸ்கேன் உறையை மாரோடு பிடித்திருக்கிறேன்.
நம்புத்தாய் என்பதை
நம்பித்தாய் என்று எழுதியிருக்கிறார்கள்.
வயது மட்டும் சரி. நாற்பத்து மூன்று.

முதலில் தைலம்.
பிறகு கோட்டைச்சாமி
கீழக்கரையில் நானூற்றைம்பதுக்கு ஒரு பெல்ட் வாங்கி வந்தான்.
அதைக் கட்டிக்கொண்டே கடலில் இறங்கினேன்.
நாலு நாளில் ஒட்டுப்பட்டை பல்லிளித்தது.
இப்போது அதில்தான் சிலிண்டரை வண்டியில் கட்டிக் கொண்டுவருகிறான்.

மூக்கையூரில் ஒருவர்
குப்புறப் படுக்கச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினார்.
மூன்று நாள் பறந்தேன்.
மூன்று நாளும் பாசிக்குப் போனேன்.
நாலாம் நாள்
முத்திருளாயி வந்துதான்
என் காலில் ஒட்டிய மணலைக் கழுவிவிட்டாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் செருகினார்.
என் முதுகை அன்றைக்குத்தான் பார்த்தேன்,
தலைகீழாக மூழ்கும்போது தெரியும் பார் மாதிரி
அடுக்கடுக்காக.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்
கறுப்பாகப் பிதுங்கி ஒன்று.
அங்கே கைவிட்டால்
ஒரு பிடி மரிக்கொழுந்து கிடைக்கும் போலிருந்தது.

'குனியாதீங்க.
கனம் தூக்காதீங்க.
தரையில உட்காராதீங்க.'
தலையாட்டினேன்.
தலையாட்ட வலிக்கவில்லை.

அடுத்த அறையில் பர்ஹானா,
பயிற்சி சொல்லித்தரும் பெண்.
'பத்துக்கு எத்தனைம்மா வலி?'

பத்துக்கா.
எனக்குக் கிலோவில்தான் தெரியும்.
மூட்டை ஈரத்தில் நாற்பது.
தண்ணீரில் இழுத்து வரும்வரை அது ஒன்றுமே இல்லை,
நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும்.
அலை உடையும் இடத்தில்தான்
அது மூட்டை ஆகிறது.
வெயிலில் காய்ந்தால் எட்டு.
வியாபாரி எட்டுக்குக் காசு தருகிறார்.
முதுகு நாற்பதையும் வாங்கி வைத்துக்கொண்டது,
இருபத்தாறு வருஷமாக.

ஏழு என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

'தண்ணிக்குள்ள இருந்தா ரொம்ப நல்லதும்மா,
உடம்புக் கனம் தெரியாது.
உங்க பக்கம் நீச்சல் குளம் எதுவும் இருக்கா?'

சிரித்துவிட்டேன்.
சிரித்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.
கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு
கண்ணில் நீர் வர நின்றேன்.
எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.

இருக்கிறது, பிள்ளை.
தீவுக்குத் தெற்கே.
கண்ணாடி மாட்டி, விரல்களுக்குத் துணி சுற்றி,
பாதத்தில் தகடு கட்டித்
தலைகீழாக இறங்கினால்
வலி மேலேயே நின்றுவிடும்,
வள்ளத்தில், என் சோற்றுவாளிக்குப் பக்கத்தில்.
கீழே எனக்கு முதுகே கிடையாது.
மீன்கள் என்னைப் பதினெட்டு வயதுக்காரி என்று நினைத்து
வழி விடுகின்றன.
ஒரு மூச்சு, அவ்வளவுதான் வைத்தியம்.
நாளைக்கு நூறு தடவை.
பிறகு கரை இருக்கிறதே.

இதையெல்லாம் சொல்லவில்லை.
வெளியே நூற்றுப் பதினெட்டு இருமிக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னாள்.
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அமாவாசை.
அன்றைக்கு நீர் நன்றாக வற்றும்.
'மூணு நாள் தள்ளி வரவா?'
'வலி தள்ளிப்போகுமாம்மா?' என்றாள்.
நல்ல பிள்ளை.

'குப்புறப் படுங்க.
கையை ஊன்றித் தலையை மட்டும் தூக்குங்க.
பத்து எண்ற வரைக்கும் அப்படியே.'

ரெக்சின் கட்டில். டெட்டால் வாசம்.
தலையைத் தூக்கினேன்.
பழக்கதோஷம்,
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பத்து முடிந்தது.
எனக்குக் கேட்கவில்லை.
இருபது. முப்பது.
'அம்மா, மூச்சு விடுங்க,
மூச்சு விடுங்கம்மா' என்று
தோளைத் தட்டுகிறாள் அந்தப் பெண்,

நான் இன்னும் தரையைத் தொடக்கூட இல்லை.